22 வயது நாட்டுக் குரங்கு, இடது சிறுநீரகத்தில் கட்டி: ஊசி குத்திப் பார்க்கலாமா, நேரே எடுத்துவிடலாமா?

தாம்பரம் கால்நடை எழுதியது:

வணக்கம். சென்னைப் புறநகர்க் காப்பகம் ஒன்றில் இருக்கும் பெண் நாட்டுக் குரங்கு. பதிவேட்டின்படி வயது சுமார் 22, எடை 6.2 கிலோ. இரண்டு வாரமாகக் கூண்டுத் தரையில் விட்டுவிட்டுச் சிவப்புக் கறை. தீனி பாதியாகக் குறைந்துவிட்டது. வாழைப்பழம் எடுக்கிறது, கடலையைத் தொடுவதில்லை. கெட்டமின் கொடுத்து வயிற்றைத் தடவினால் இடது விலாவுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.0, பி.யு.என். (ரத்த யூரியா நைட்ரஜன்) 22, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 33 சதவீதம். மனிதர்களுக்கான ஸ்கேன் மையத்தில் அல்ட்ராசவுண்ட் பார்த்தோம். இடது சிறுநீரகத்தின் கீழ்முனையில் 3.1 செ.மீ. திடக்கட்டி, இரண்டு பக்கமும் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் விரிவது) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வயதில் இது புற்றுநோய்தானா, வேறு எதுவாகவும் இருக்குமா? ஊசி குத்தி செல்களை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா? கிரியேட்டினின் சரியாக இருப்பதால் அறுவையை ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்று காப்பகத்தில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

---

குரோம்பேட்டை வெட் எழுதியது:

டாக்டர், கட்டிக்குப் போவதற்கு முன் அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்யுங்கள். நாட்டுக் குரங்கு மக்காக் வகையைச் சேர்ந்தது; பெண் மக்காக்குகளுக்கும் ஏறத்தாழ 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும். 22 வயதில் சுழற்சி ஒழுங்காக இருக்காது, ஆனால் நின்றுவிட்டது என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) வயதான மக்காக்குகளில் சாதாரணமாக வரும் நோய். அது யுரேட்டரை (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க் குழாய்) சுற்றிப் பிடித்து அந்தப் பக்கச் சிறுநீரகத்தை வீங்கவும் வைக்கும். தரைக் கறையை மட்டும் பார்த்து ஹெமட்யூரியா (சிறுநீரில் ரத்தம்) என்று எழுத வேண்டாம்.

மயக்கத்தில் இருக்கும்போது யோனியை ஒரு பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பாருங்கள். பிறகு ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 22 கேஜ் ஊசியால் பையிலிருந்து நேரடியாக 5 மி.லி. எடுங்கள். சுவரில் தடிப்போ கட்டியோ தெரிந்தால் ஊசி வேண்டாம், கத்தீட்டர் போட்டு எடுங்கள். சிறுநீர்ப்பைப் புற்று ஊசி போன வழியிலேயே வயிற்றுச் சுவரில் முளைக்கக்கூடும்.

எடுத்ததை நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 நிமிடம் சுழற்றுங்கள். சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்தால் ரத்த அணுக்கள். மேல்நீரும் சிவப்பாகவே நின்றால் ஹீமோகுளோபினோ மயோகுளோபினோதான். அப்போது பிளாஸ்மாவைப் பாருங்கள்: அதுவும் இளஞ்சிவப்பு என்றால் ரத்த அணுக்கள் உடைகின்றன, ஸ்மியரில் மலேரியாவைத் தேட வேண்டும். நம் நாட்டுக் குரங்குகளில் பிளாஸ்மோடியம் இனுயி, சைனோமோல்கி, ஃப்ரஜைல் மூன்றுமே பதிவாகியிருக்கின்றன. வண்டலில் சிவப்பணு வார்ப்புகள் (சிறுநீரகக் குழல்களின் அச்சில் உறைந்தவை) இருந்தால் ரத்தம் குளோமெருலஸிலிருந்து (சிறுநீரக வடிகட்டி) வருகிறது. கட்டி கசிந்தால் வார்ப்பு இல்லாத வெறும் சிவப்பணுக்களே இருக்கும்.

கிரியேட்டினின் பற்றிக் காப்பகத்துக்கு இப்படிச் சொல்லுங்கள். ஒரு சிறுநீரகம் முழுதாகப் போனாலும் மற்றது ஈடுகட்டிவிடும். மொத்த நெஃப்ரான்களில் (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள்) ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். இந்த 1.0 இடப்பக்கக் கட்டியைப் பற்றி ஒரு சேதியும் சொல்லவில்லை, வலப்பக்கம் தாங்குகிறது என்று மட்டுமே சொல்கிறது. அதிலும் வயதாகித் தசை வற்றிய விலங்கில் அளவு குறைத்தே காட்டும். டிரிப் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீரின் ஒப்படர்த்தியைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை எடுத்தும் 1.008க்கும் 1.012க்கும் நடுவிலேயே நின்றால் வலது சிறுநீரகத்தையும் நம்ப முடியாது. புரதம்-கிரியேட்டினின் விகிதமும் சேர்த்துக் கேளுங்கள். ஆகவே தள்ளிப்போட இந்த எண் காரணமாகாது.

கட்டி என்று தெரிவதெல்லாம் புற்றாக இருக்க வேண்டியதில்லை. சீழ்க்கட்டி, ரத்தக்கட்டு, தடித்த சுவருள்ள நீர்ப்பை, அட்ரினல் கட்டி, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) எல்லாம் இதே இடத்தில் இதே மாதிரி கைக்குத் தட்டுப்படும். எல்லாவற்றுக்கும் முன்னால் காசநோய். காப்பகக் குரங்குக்கு அது மனிதரிடமிருந்தே தொற்றும், சிறுநீரகத்திலும் கிரானுலோமா (அழற்சி முடிச்சு) போடும். மேல் இமையின் தோலுக்குள் பாலூட்டி டியூபர்குலின் (காசநோய்ச் சோதனை மருந்து) 0.1 மி.லி. போட்டு 24, 48, 72 மணி நேரத்தில் இமை வீங்குகிறதா, தொங்குகிறதா என்று பாருங்கள். நோய் முற்றிய விலங்கு எதிர்வினை காட்டாமலும் போகும் என்பதால் மார்பு எக்ஸ்ரே இல்லாமல் அந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். இவை முடியும்வரை கட்டியில் ஊசி எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

---

எழும்பூர் ஸ்கேன் எழுதியது:

'இரண்டு பக்கமும் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்ற வரியைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன். மனிதச் சிறுநீரகத்தில் பல பிரமிடுகள் (உள்திசுக் கூம்புகள்), பல பாப்பில்லாக்கள் (அவற்றின் நுனிகள்). மக்காக்கின் சிறுநீரகத்தில் ஒரே பிரமிடு, ஒரே பாப்பில்லா. சிலந்திக் குரங்கு போன்ற சில இனங்கள்தான் இதற்கு விலக்கு. மனிதர்களையே நாள் முழுவதும் பார்க்கும் சோனாலஜிஸ்டுக்கு, நடுவில் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும் அந்த மெடுல்லா (சிறுநீரகத்தின் உட்பகுதி) விரிந்த பெல்விஸ் (சிறுநீர் சேரும் பை) மாதிரியே இருக்கும். சைனஸ் (சிறுநீரக நடுக்குழி) கொழுப்பும் குறைவு என்பதால், மனிதரில் நடுவே வெள்ளையாகத் தெரியும் அடையாளமும் இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, லேசாக என்று எழுதியிருப்பதால் பெரும்பாலும் இயல்பான மெடுல்லாவைத்தான் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் நீர் தேங்கியிருந்தால் அந்தக் கறுப்பு தொடர்ந்து கீழே யுரேட்டருக்குள் இறங்கும். புரோபை நீளவாக்கில் வைத்து அந்தத் தொடர்ச்சியைத் தேடச் சொல்லுங்கள். 7.5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்த புரோப் வேண்டாம். வளர்ந்த மக்காக்கின் சிறுநீரகமே சுமார் 4 செ.மீ. நீளம்தான், அதில் 3.1 செ.மீ. கட்டி என்பது சின்ன விஷயமில்லை.

டாப்ளர் கட்டாயம் போடுங்கள். கட்டிக்குள் ரத்த ஓட்டம் இருந்தால் சீழ், ரத்தக்கட்டு இரண்டும் பின்னுக்குப் போய்விடும். ரீனல் வெயினிலும் (சிறுநீரகச் சிரை) கீழ்ப்பெருஞ்சிரையிலும் அடைப்பு இருக்கிறதா என்பதை அதே அமர்வில் பார்த்துவிடலாம்.

சிடிக்குப் போனால் மார்பும் வயிறும் சேர்த்து, 1 மி.மீ. ஸ்லைஸ். கான்ட்ராஸ்ட் மருந்தில்லாமல் ஒரு சுற்று கண்டிப்பாக எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டி எவ்வளவு ஒளிர்ந்தது என்று அளக்க அடிப்படையே இருக்காது. மி.லி.க்கு 300 மி.கி. அயோடின் உள்ள அயோஹெக்ஸால் கிலோவுக்கு 2 மி.லி., உங்கள் குரங்குக்கு 12 மி.லி. ஆகும். மனிதருக்கான நேரத்தை அப்படியே வைத்தால் தமனிக் கட்டம் கைவிட்டுப் போகும், இதயம் அவ்வளவு வேகம். ஆபரேட்டரிடம் முன்பே சொல்லி முதல் கட்டத்தை முன்னுக்கு இழுங்கள். 3 முதல் 5 நிமிடம் கழித்து ஒரு சுற்று எடுத்தால் பெல்விஸும் யுரேட்டரும் நிரம்பித் தெரியும். மருந்துக்குப் பிறகு 20 ஹவுன்ஸ்பீல்டுக்கு (சிடியில் அடர்த்தியின் அலகு) மேல் ஏறினால் திசு, 10க்குள் நின்றால் நீர்ப்பை. இடைப்பட்டதை மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொன்று. சிடி அறையின் ஏசியில் 6 கிலோ விலங்கு மயக்கத்தில் படுத்தால் வெளியே சித்திரை வெயில் அடித்தாலும் உடல் சூடு மளமளவென்று இறங்கும். வெந்நீர்ப் பைகளைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மலக்குடல் வெப்பம் பாருங்கள்.

---

திசுமேசை எழுதியது:

ஊசியே வேண்டாம் என்பதை ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன். ஒரே சிறுநீரகத்தில் ஒரே கட்டி, தெளிவான எல்லை, நுரையீரல் சுத்தம் என்றால் ஊசி குத்தி ஆவது ஒன்றுமில்லை. எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள். அடினோமாவா (சாதுவான கட்டி) கார்சினோமாவா (புற்று) என்பதைச் சில செல்களை வைத்துப் பிரிக்கவும் முடியாது. உறை உடைந்திருக்கிறதா, சிரைக்குள் புகுந்திருக்கிறதா என்பதைத் திசுவை முழுசாக வெட்டினால்தான் பார்க்கலாம். ஊசியால் கிடைப்பது ரத்தக் கசிவும், கட்டி சிதறும் அபாயமும்தான்.

சிடியில் இரண்டு சிறுநீரகமும் பெருத்தோ, பல இடங்களில் முடிச்சு முடிச்சாகவோ, நிணநீர் முடிச்சுகள் வீங்கியோ இருந்தால் கதையே வேறு. அது லிம்ஃபோமாவாக இருக்கலாம், அதற்குச் சிறுநீரகத்தை எடுப்பது வைத்தியமே அல்ல. நோயெதிர்ப்பு ஒடுங்கிய மக்காக்குகளில் லிம்ஃபோகிரிப்டோ வைரஸோடு சேர்ந்து பி-செல் லிம்ஃபோமா வரும். மனிதரின் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்கு நெருங்கிய உறவு அது. எஸ்டிஎல்வி-1 (குரங்குகளின் டி-செல் வைரஸ்) இருந்தால் டி-செல் வகை. அங்கே 23 கேஜ் ஊசி முதல் நாளே நியாயம். சிரிஞ்சை இழுக்காமல், ஊசியின் தந்துகி விசையிலேயே ஏறவிட்டு ஸ்லைடில் பரப்புங்கள். சிறுநீரகத்தில் உறிஞ்சினால் ரத்தம்தான் வரும்.

வேறு என்னவாக இருக்கும் என்று கேட்டீர்கள். குரங்குகளில் சிறுநீரகத்திலேயே தோன்றும் கட்டிகள் அரிது. பதிவானவற்றில் பல, வேறு காரணத்தால் இறந்த வயதான விலங்கின் உடற்கூறாய்வில் தற்செயலாகக் கண்ணில் பட்டவை. அடினோமா, ரீனல் செல் கார்சினோமா, அபூர்வமாக ஆன்கோசைட்டோமா, பெல்விஸில் டிரான்சிஷனல் செல் கார்சினோமா. குட்டியாக இருந்தால் நெஃப்ரோபிளாஸ்டோமாவையும் நினைக்கலாம், 22 வயதில் அது கடைசி. மனித ரீனல் கார்சினோமாவில் முக்கால் பங்கு தெளிசெல் வகை. அந்த விகிதத்தைக் குரங்கின் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள். பாப்பிலரி, டியூபுலர் அமைப்பை எதிர்பார்த்தே ஸ்லைடைத் திறக்க வேண்டும்.

---

தாம்பரம் கால்நடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. யோனித் துடைப்பு சுத்தம். சிறுநீரைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்குகிறது, வார்ப்புகள் இல்லை. ஒப்படர்த்தி 1.024. இமைச் சோதனை 72 மணியிலும் எதிர்மறை. சிடியில் இடது கீழ்முனையில் ஒரே கட்டி, 3.4 செ.மீ., 38லிருந்து 92 ஹவுன்ஸ்பீல்டுக்கு ஏறுகிறது. ரீனல் வெயினில் அடைப்பு இல்லை, நுரையீரல் சுத்தம். வலது சிறுநீரகம் இயல்பு, ஹைட்ரோநெஃப்ரோசிஸ் எதுவும் இல்லை. வியாழக்கிழமை எடுக்கிறோம். மயக்கம், ரத்த இழப்பு, தையல் பற்றிச் சொல்லுங்கள். கட்டியை எப்படி அனுப்புவது என்பதும் வேண்டும். காப்பகத்தில் பார்மலின் என்று ஒரு பழைய கேன் இருக்கிறது.

---

அடையாறு சர்ஜன் எழுதியது:

முந்தைய இரவே தீனியை நிறுத்துங்கள். அது போதாது, கன்னப்பையில் ஒளித்து வைத்திருக்கும். மயங்கியதும் இரண்டு கன்னத்தையும் வெளியிலிருந்து முன்னோக்கித் தள்ளி, வளைந்த இடுக்கியால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத்தான் குழாய் போட வேண்டும். தசையில் கெட்டமின் கிலோவுக்கு 8 மி.கி., மிடாசோலம் 0.2 மி.கி., பிறகு ஐசோஃப்ளூரேன். மெடிடோமிடின் இங்கே வேண்டாம். இதயத்தின் வெளியேற்றத்தைக் குறைக்கும், மிஞ்சப்போகும் ஒரே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். குரல்நாணில் லிக்னோகெய்ன் தடவி அரை நிமிடம் பொறுங்கள், இல்லையென்றால் இறுக்கிக்கொள்ளும். மூச்சுக்குழல் குட்டையானது. குழாயைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளினால் ஒரே நுரையீரலுக்குள் போய்விடும், இரு பக்கமும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

ரத்தக் கணக்கு: கிலோவுக்கு 60 மி.லி. என்று வைத்தால் மொத்தமே 370 மி.லி. பிசிவி 33 உள்ள விலங்கில் 37 மி.லி. போனாலே கவனம் வேண்டும், 75 மி.லி. போனால் ரத்தம் ஏற்ற வேண்டும். கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே சொல்வோம். காஸ் துண்டுகளை முன்பே எடை போட்டு வைத்து, நனைந்ததும் மறுபடி போடுங்கள். கூடும் ஒவ்வொரு கிராமும் ஒரு மி.லி. அதே இனத்தில் பொருந்தும் ரத்தம் தரும் குரங்கை முன்கூட்டியே கிராஸ்மேட்ச் செய்து வையுங்கள்.

நடுக்கோட்டில் திறந்ததும் வலது சிறுநீரகத்தை முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். இடப்பக்கத்தில் தமனியை முதலில் கட்டுங்கள், சிரையை முதலில் கட்டினால் கட்டி ரத்தத்தில் ஊதிக் கிழியும். தமனி இரண்டாகவும் வரலாம், சிடி படத்தில் எண்ணிக்கொண்டு போங்கள். இடது அட்ரினல் சிரையும் சினைப்பைச் சிரையும் இடது ரீனல் வெயினில்தான் சேர்கின்றன. அட்ரினல் நன்றாக இருந்தால், அவை சேரும் இடத்தைத் தாண்டிச் சிறுநீரகத்தை ஒட்டிக் கட்டினால் அவற்றின் வடிகால் தப்பும். யுரேட்டரைச் சிறுநீர்ப்பைக்கு அருகில் வரை எடுங்கள். கட்டியைக் கையால் பிசையாமல் சுற்றிய கொழுப்போடு தூக்குங்கள்.

தோலில் வெளித்தையல் போட்டால் இரண்டாம் நாள் பிரித்து வைத்திருக்கும். 4-0 கரையும் நூலில் தோலுக்கடியில் ஓட்டி முடிச்சைப் புதையுங்கள், மேலே திசுப்பசை. வலிக்கு பியூப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.01 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒற்றைச் சிறுநீரகத்தில் மெலாக்சிகாம் வேண்டாம். 1, 3, 7ஆம் நாளில் கிரியேட்டினின். முதல் இரண்டு நாள் கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு, 7ஆம் நாளும் ஏறிக்கொண்டிருந்தால் திரவமும் அழுத்தமும் எங்கே குறைந்தன என்று தேடுங்கள்.

உடனிருப்பவர்கள் எல்லோருக்கும்: கையுறை இரட்டை, கண்ணாடி, என்95. நாட்டுக் குரங்கிலும் ஹெர்பிஸ் பி (மனிதருக்குத் தொற்றினால் உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ்) இருக்கலாம். ஊசி குத்தினாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அதே மணி நேரத்தில் மருத்துவரிடம் போக வேண்டும். 'குரங்கு, ஹெர்பிஸ் பி' என்ற சொற்களைச் சொல்லியே போங்கள். வெறிநாய்க்கடி ஊசியோடு அனுப்பிவிடக் கூடாது.

---

திசுமேசை எழுதியது:

பழைய கேனைத் தொடாதீர்கள். நாள்பட்ட பார்மலின் புளித்து அமிலமாகியிருக்கும். ரத்தம் ஊறிய சிறுநீரகக் கட்டி அதில் விழுந்தால் ஸ்லைடு முழுக்கப் பழுப்புக்கறுப்புத் துகள் படியும், பழைய ரத்தக்கசிவின் இரும்பா இதுவா என்று குழம்ப வேண்டிவரும். புதிதாகக் கலக்குங்கள்: கடையில் கிடைக்கும் 37 முதல் 40 சதவீத பார்மலின் 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரில்லாத டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். போர் தண்ணீர் வேண்டாம்.

வெளியே எடுத்ததும் முதலில் எடை, மூன்று பக்க அளவு, ஸ்கேல் வைத்துப் படம். பிறகு வெளிப்புறக் குவிந்த விளிம்பிலிருந்து ஹைலம் (ரத்த நாளங்கள் நுழையும் குழி) நோக்கி ஒரே வெட்டு, நீளக்கத்தியால், அறுக்காமல் இழுத்து. புத்தகம் போலத் திறக்கும், ஒரே பாப்பில்லா நடுவில் தெரியும். கட்டி வெட்டுமுகம் மஞ்சள் பழுப்பாக, இடையிடையே ரத்தமும் அழுகலுமாக இருந்தால் கார்சினோமா பக்கம் சாயும். வெளுத்து, ஒரே சீராக, வெட்டியதும் மேலே பிதுங்கினால் லிம்ஃபோமா. பாலாடைக்கட்டி மாதிரி உதிர்ந்தால் அங்கேயே நிறுத்தி மூடுங்கள், காசநோய் என்றே நடத்துங்கள்.

பார்மலினுக்கு முன் மூன்று வேலை. கட்டியில் பட்டாணி அளவு துண்டு சுத்தமான டப்பாவில் வளர்ப்புச் சோதனைக்கு. இன்னொன்று உறைநிலையில் பிசிஆருக்கு. மூன்றாவது தொடுஸ்மியர்: வெட்டுமுகத்தை வடிதாளில் ரத்தம் ஒட்டாமல் ஆகும் வரை ஒற்றி எடுத்து, ஸ்லைடை லேசாகத் தொட்டு எடுங்கள், தேய்க்க வேண்டாம். காற்றில் உலர்த்தி மெத்தனாலில் 3 நிமிடம். இந்த ஸ்லைடுகளைப் பார்மலின் டப்பாவோடு ஒரே பையில் போட்டால் ஆவி பட்டு லீஷ்மன் சாயமே ஒழுங்காகப் பிடிக்காது. தனிப்பை.

மீதியை முழுசாகப் போடாதீர்கள். பார்மலின் மெதுவாகத்தான் உள்ளே போகும், உறை வேறு தடுக்கும். நம் வெயிலில் நடுப்பகுதி அதற்குள் கெட்டுவிடும், குழல் செல்கள் முதலில் போகும். திறந்த பாதிகளில் 5 மி.மீ. இடைவெளியில் ஆழமாகக் கீறி, இடையில் வடிதாள் செருகி, திசுவின் பத்து மடங்கு பார்மலினில் வாயகன்ற டப்பாவில் போடுங்கள். திசு 60 கிராம் என்றால் 600 மி.லி. 24 முதல் 48 மணி நேரம். வாரக்கணக்கில் ஊறினால் ஆன்டிபாடிச் சாயங்கள் மங்கும். உடனே போட முடியாவிட்டால் ஐஸ்பெட்டியில் வைக்கலாம், ஃப்ரீசரில் மட்டும் கூடாது.

யுரேட்டர் முனை, சிரை முனை இரண்டிலும் வேறு வேறு நிற நூல் கட்டி, எந்த நிறம் எது என்று எழுதுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினாலும் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், கட்டிக்கும் நல்ல திசுவுக்கும் இடைப்பட்ட எல்லை, உறை, ஹைலக் கொழுப்பு, சிரை முனை ஆகியவற்றிலிருந்து தனித்தனி பிளாக் கேளுங்கள். கட்டியில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒன்று. ஆன்டிபாடிச் சாயங்களில் பாக்ஸ்8, சைட்டோகெரட்டின், விமென்டின், சிடி3, சிடி20 போதும். மனித ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மக்காக்கில் வேலை செய்யும், அதே ஸ்லைடில் உள்ள நல்ல குழல்கள் சாயம் ஏற்றிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே எதிர்மறை என்று நம்புங்கள். அளவை மட்டும் வைத்து அடினோமா என்று அறிக்கை வந்தால், உறை ஊடுருவலும் மைட்டோசிஸ் (செல் பிரிவு) எண்ணிக்கையும் எழுதித் தரும்படி திருப்பிக் கேளுங்கள்.

படிவத்தில் 'குரங்கு, சிறுநீரகம்' என்று மட்டும் எழுதாமல் இனம், வயது, எந்தப் பக்கம், சிடி அளவு, டியூபர்குலின் முடிவு, வனத்துறை அனுமதிக் கடித எண் எல்லாம் எழுதுங்கள். டப்பாவின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிய லேபிள், மூடியில் வேண்டாம், மூடிகள் ஆய்வக மேசையில் மாறிப்போகும்.